பொங்கலுக்குப் பறவை பார்ப்போம்



மனம் அலைபாய்கிறதா? அருகிலுள்ள மரத்தடியில் ஒரு 15 நிமிடம் நில்லுங்கள். மேயும் மாட்டின் முதுகில் இரட்டைவால் குருவி உட்கார்ந்திருக்கும். மாடு கால் வைக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து, மறுபடியும் முதுகிலேயே வந்து அமரும். செடிப்புதரில் தையல்சிட்டு, இலையின் ஓரங்களைப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்துக் கூடு கட்டும். இதைக் கவனிக்கிற நேரத்தில் கவலை தானாகவே விலகிவிடும்.

பறவை பார்ப்பது தனியாக மட்டுமல்ல, கூடியும் செய்கிற பொழுதுபோக்கு. 2015 முதல் தமிழகத்தில் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள், விவசாயிகள், ஓய்வு பெற்றவர்கள் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்த பறவைகளை எண்ணி, ஈ-பேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும். எந்தப் பறவை பெருகுகிறது, எது குறைகிறது என்று அறிய அந்தப் பட்டியல்கள் உதவுகின்றன.

பைனாகுலர் இல்லையென்று தயங்க வேண்டாம். காகம், மைனாவிலிருந்தே தொடங்கலாம். பேரப்பிள்ளைகளையும் பக்கத்து வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஊர்க் கண்மாய்க்கரைக்குப் போய்வாருங்கள்.