இயந்திர விபத்தும் தொழிலாளர் உரிமையும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சேலத்தில் ஆட்சியராயிருந்த காக்பர்ன் 1820ஆம் ஆண்டுகளில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தார். அன்று தொட்டு இம்மலையின் மண்ணை வெட்டிப் பழம் பறித்த கைகளுள் நம் முன்னோரின் கைகளும் உண்டு. இன்று நாங்கள் பேச வந்தது அக்கைகளைப் பற்றியே.

பறித்த பழத்தை அன்றே பல்பரில் இட்டுத் தோல் நீக்க வேண்டும். ஆகையால் அறுவடைக் காலத்தில் இயந்திரம் இரவிலும் ஓடும். பழம் அடைத்துக்கொண்டால், ஓட்டத்தை நிறுத்தாமலே கையை விட்டுத் தள்ளுவதும் உண்டு. எங்கள் லயத்தில் வாழ்ந்த அண்ணன் ஒருவர் அவ்வாறுதான் வலக்கைக் கட்டை விரலை இழந்தார். அப்போது அவருக்கு வயது 25. தோட்டத்தார் மருத்துவச் செலவோடு சில ஆயிரம் ரூபாயும் கொடுத்து, இனி ஒன்றும் கேட்பதற்கில்லை என்று எழுதிய தாளில் அவருடைய இடக்கைக் கட்டை விரலின் ரேகையைப் பதித்து வாங்கிக்கொண்டனர். அத்தாளைப் படித்துச் சொல்ல அன்று எங்களுள் ஒருவருமில்லை. கவாத்துக் கத்தி பிடிக்க இயலாத அவர் குறைந்த கூலிக்குக் காவல் வேலைக்குச் சென்றார்.

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்பதே சட்டம். இதனை நாங்கள் அறிந்தபோது, வழக்குத் தொடுப்பதற்குரிய இரண்டாண்டுக் கெடு கடந்துவிட்டது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தந்த இவ்வுரிமை, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ளது. கட்டை விரல் போனால் ஈட்டும் திறனில் 30 விழுக்காடும், ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 விழுக்காடும் இழப்பு என்று அட்டவணை கூறுகிறது. மாத ஊதியம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். அதில் 60 விழுக்காட்டை, 25 வயதுக்குரிய 216.91 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 30 விழுக்காடு கண்டால் 3,90,438 ரூபாய் வரும். ஒரு கட்டை விரலுக்குரிய தொகை இது! மருத்துவச் செலவு இதற்குப் புறம்பானது.

அட்டவணையோடு முடிவதுமில்லை. தச்சர் ஒருவர் இடக்கையை இழந்த வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது, ஆகவே அது முழு இழப்பே என்று உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. எனவே, செய்துவந்த வேலை யாது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

"உன் கவனக்குறைவுதானே?" என்பார்கள். கவனக்குறைவு உரிமையைப் பறிக்காது. ஆனால் குடித்துவிட்டு வேலை செய்வதும், பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றுவதும் இழப்பீட்டைக் கெடுக்கக்கூடும். "நீ ஒப்பந்தக்காரரின் ஆள்" என்பார்கள். தோட்டத்தின் வழக்கமான வேலையை ஒப்பந்தக்காரர் வழியாகச் செய்தாலும் தோட்ட உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை இவை: நாள், நேரம், இயந்திரம், கண்டவர் பெயர் ஆகியவற்றை எழுதி நிர்வாகத்திடம் தாமதமின்றிக் கொடுத்து, படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் நேர்ந்த காயம் என்று மருத்துவமனையில் பதியச் செய்யுங்கள். இரண்டாண்டுக்குள் சேலத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தை நாடுங்கள். கூலியில் இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்பட்டிருந்தால், உதவித் தொகையை அங்கேயே பெறவேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. சேலத்து மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.

1942 முதல் 1946 வரை இந்திய அரசில் தொழிலாளர் துறையை வகித்த அண்ணல் அம்பேத்கர், உழைப்போர் நலனைச் சட்டத்தால் காக்க முனைந்தவர். அச்சட்டத்தை உழைப்போர்க்குப் படித்துச் சொல்வது நம் கடமை.

இளைஞர்களே! இச்சங்கம் தந்த கல்வியால் நீங்கள் பட்டம் பெறலாம், பதவியும் பெறலாம். அவற்றோடு, உங்கள் லயத்தில் எவரேனும் கைந்நாட்டு வைக்கக் குனியும்போது, "பொறுங்கள், முதலில் நாங்கள் படிக்கிறோம்" என்று சொல்லுங்கள். எங்கள் அண்ணனுக்கு அன்று கிடைக்காத சொல் அதுவே.