இருபாலார்க்கும் உரிய பெயர்: மகளுக்குப் பெயர் தேடுவோர்க்குச் சில சொற்கள்



கெடா மாநிலத்தின் தென்கோடியில் உள்ளது பண்டார் பாரு. கிரியான் ஆற்றைக் கடந்தால் பேரா மாநிலத்துப் பாரிட் புந்தார். சிறிது தொலைவில் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் கூடும் அவ்வூரில், ஆசிரியப் பணியாற்றும் இளந்தம்பதியர் தம் பெண்குழந்தைக்குப் பெயர் தெரிவுசெய்ய எம்மை அழைத்திருந்தனர். அங்கு நிகழ்ந்த உரையாடலே இவ்வுரைக்கு அடிப்படை.

தந்தையார் 'வெற்றி' என்னும் பெயரை விரும்பினார். "ஆணா பெண்ணா என்று பெயரிலேயே தெரியக்கூடாது, ஐயா. நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெண் என்று ஒதுக்கிவிடக் கூடாது" என்றார். குழந்தையின் பாட்டியாரோ, "பேரச் சொன்னா பொம்பளப் பிள்ளைன்னு தெரிய வேணாமா?" என்று வினவினார். நெடுநேரம் பேசாதிருந்த தாயார் இறுதியில் மெல்லச் சொன்னார்: "அது பையன் பிறந்தால் வைக்க வேண்டும் என்று முன்பே எடுத்துவைத்த பெயர், ஐயா."

மூவர் கூற்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் தந்தையார் கூற்று. பெயர் பாலை மறைக்குமா? நம் நாட்டில் தமிழர் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே பெரும்பாலும் 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கமான ஏ/எல், அல்லது 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கமான ஏ/பி இடம்பெறுகிறது. அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் இறுதி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். தமிழில் பேசினாலோ, 'வந்தாள்' என்னும் வினைமுற்றே பாலைக் காட்டிவிடும். எனவே மறைப்பதற்காகப் பொதுப்பெயர் இடுவதால் பயனில்லை.

அடுத்துப் பாட்டியார் கூற்று. பெயர் பாலைக் காட்டியே ஆக வேண்டுமா? தொல்காப்பியம் இயற்பெயரை ஆண்மை, பெண்மை, ஒருமை, பன்மை என நான்காக வகுக்கிறது. சாத்தன் என்பது ஆண்மை இயற்பெயர். சாத்தி என்பது பெண்மை இயற்பெயர். ஒருமை இயற்பெயருக்கு உரையாசிரியர் காட்டும் சான்று 'கோதை'. அது ஆணையும் பெண்ணையும் அஃறிணை ஒன்றையும் குறிக்கவல்லது. வருகின்ற வினையே பாலை உணர்த்தும். இதற்கு வரலாறும் சான்று தருகிறது. மனைவியை இழந்து புறநானூற்றில் கையறுநிலை பாடிய சேர மன்னன் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. மாக்கோதை எனப் பெயர் பொறித்த பழங்காசுகளும் கிடைத்துள்ளன. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் பெயரும் கோதையே.

நம்மிடையே வாழும் சீக்கியரிடமும் இம்முறையைக் காணலாம். ஹர்பிரீத், மன்ஜித் போன்ற பெயர்களை இருபாலார்க்கும் இடுவர். ஆணுக்குச் 'சிங்' என்பதும் பெண்ணுக்குக் 'கவுர்' என்பதும் சேர்ந்து பாலை உணர்த்தும். நம் ஏ/எல், ஏ/பி அப்பணியைச் செய்துவருகையில், பெயரும் அதனையே செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. இதனைக் கூறியதும் பாட்டியார் நகைத்து, "எங்க காலத்துல தோட்டத்துல மாரின்னு ஆம்பளையும் இருந்தாங்க, பொம்பளையும் இருந்தாங்க. லயத்துல யாரும் குழம்பல" என்றார். இலக்கணம் கூறியதை அவர் வாழ்ந்தே அறிந்திருந்தார்.

எஞ்சி நிற்பது தாயார் கூற்று. எளிதில் கடந்துசெல்ல இயலாததும் அதுவே. 'வெற்றி' என்னும் சொல் -அன், -இ போன்ற பால்காட்டும் விகுதி ஏற்காத பெயர்ச்சொல். இலக்கணப்படி இருபாலார்க்கும் பொருந்தும். ஆயினும் அது வாராத மகனுக்கு என வைத்திருந்தது. வந்த மகளுக்கு இரவலாகத் தரப்படுகிறது. பெண்பிள்ளை பிறந்த ஏமாற்றம் பெயராவது நம் இனத்துக்குப் புதிதன்று. 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிடும் வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் இருந்தது. மகாராட்டிரத்துச் சாத்தாரா மாவட்டத்தில், 'வேண்டாதவள்' எனப் பொருள்படும் 'நகூசா' என்னும் பெயரைச் சுமந்த 285 சிறுமியர்க்கு 2011ஆம் ஆண்டு விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினர். 'வெற்றி' அத்தகைய இழிபெயர் அன்று. எனினும் அதனை இட்ட காரணம் ஒருநாள் அப்பெண்ணின் செவிக்கு எட்டும்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. ஆண்பெயரை மகளுக்கு இடுவோர் பெண்பெயரை மகனுக்கு இடத் துணிவதில்லை. ஆங்கிலத்தில் ஆஷ்லி, லெஸ்லி, எவ்லின் ஆகியன முன்பு ஆடவர் பெயர்கள். மகளிர்க்கு மிகுதியாக வழங்கத் தொடங்கியபின் அவற்றை மகன்களுக்கு இடுவது குறைந்தது. சேர மன்னர் தாங்கிய கோதையையும் இன்று எவரும் மகனுக்கு இடுவதில்லை. ஒருபுறம் மட்டும் திறக்கும் கதவைப் பொதுவழி என்று கூறல் தகாது.

ஆகவே அத்தம்பதியரிடம் இரண்டு வினாக்களை முன்வைத்தோம். பிறந்தது மகனாயினும் மகளாயினும் இப்பெயரை ஒரே மகிழ்ச்சியோடு இட்டிருப்பீரா? "எனக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று பத்து வயதில் அவள் கேட்டால், மறைக்காமல் கூறத்தக்க விடை உண்டா?

தந்தையார் சிறிதுநேரம் குழந்தையையே நோக்கியிருந்தார். பின்னர், "இரண்டாவதற்கு என்னிடம் விடை இல்லை, ஐயா" என்றார். அந்நேர்மை பாராட்டுக்குரியது. புதிதாகத் தேடலாயினர். தமிழ், கதிர், மணி, அருள் எனப் பல பெயர்கள் வந்தன. உரோமன் எழுத்தில் எழுதினால் ஒலி சிதையுமா, மலாய் பேசுவோர் செவியில் வேறு பொருள் தருமா என்றும் ஆராய்ந்தோம். தமிழ் என்பதன் ழகரம் எழுத்துப்பெயர்ப்பில் இடர்ப்பட்டது. 'அருள்' என்பதைத் தாயார் தேர்ந்தார். "நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை, ஐயா. அவள் கேட்டால் அதையே சொல்வேன்" என்றார்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இத்தகைய பெயர்கள் இனி மிகுதியாக வரும். 'இது ஆண்பிள்ளைப் பெயராயிற்றே' என்று ஒரு சிறுமியிடம் விளையாட்டாகவும் கூறாதீர். பெயரின் பொருள் யாது, அதை இட்டவர் யார் என்று அன்போடு கேளுங்கள். தன் பெயருக்குரிய விடையை அக்குழந்தை தலைநிமிர்ந்து கூறட்டும்.