கொண்டை பெரிதாகட்டும், கூந்தல் குறையாதிருக்கட்டும்



"கூந்தல் உள்ளவள் அள்ளி முடிகிறாள்" என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. வசதி உள்ளவர் விரும்பியபடி செய்துகொள்ளலாம் என்பது அதன் கருத்து. இன்று அந்தப் பழமொழியைக் கூந்தலுக்கே வைத்துப் பேசப் போகிறோம். அள்ளி முடிகிற முறை தவறினால், நாளை அள்ளி முடியக் கூந்தல் இராது அல்லவா?

எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியம்மா இருந்தார். பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே எழுந்து, தலைமயிரை இழுத்து வாரி, ஒரே இடத்தில் இறுக்கமாகக் கொண்டை போட்டு, அதன்மேல் துணியும் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார். ஐம்பது வயதுக்குள் இரு நெற்றிப்பொட்டுகளிலும் முடி போய்விட்டது. "வயதாகிவிட்டது" என்றுதான் அவரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். காரணம் வயது மட்டுமல்ல, அந்த இறுக்கமும்தான் என்பது பிற்பாடே எங்களுக்கு விளங்கியது.

கொண்டை நமக்குப் புதிதன்று. பழந்தமிழர் பெண்களின் கூந்தலை ஐந்து வகையாக முடிந்ததால் அதனை 'ஐம்பால்' என்றே அழைத்தனர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை நினைத்தால் ஒரு பக்கம் சாய்ந்த அந்தக் கொண்டைதான் முதலில் கண்முன் வரும். நம் பினாங்கிலும் பாருங்கள். மலாய்ப் பெண்கள் 'சங்குல்' என்று கொண்டை போடுவார்கள். நோன்யா பெண்கள் கொண்டையைச் சுற்றி அழகிய ஊசிகளைச் செருகுவார்கள். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், தேன்கூடு போல உயர்ந்து நிற்கும் தலையலங்காரம் ஒன்று பிறந்தது. அந்தக் காலத்தில் நம்மவர்களும் பிச்சோடா என்று பெரிய கொண்டை போட்டு மகிழ்ந்தார்கள். தண்ணீர்மலைத் தைப்பூசத்திற்குப் போகும்போதும், கல்யாண வீட்டிலும் கொண்டை பெரிதாக இருக்க வேண்டும் என்ற ஆசை இன்றும் நம் பெண்களுக்கு உண்டு. அதில் தவறே இல்லை. எப்படிப் போடுகிறோம் என்பதே கேள்வி.

முதலில் முடியைப் பற்றிச் சற்றுத் தெரிந்துகொள்வோம். நம் தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மாதத்திற்குச் சுமார் அரை அங்குலம் வளரும். அப்படியானால் 2 அடி நீளக் கூந்தலின் நுனிக்கு வயது 4. நான்காண்டு வெயிலும் மழையும் சீப்பும் பட்ட நுனி அது. வெளியே தெரியும் முடிக்கு உயிர் இல்லை. அறுந்தால் தானே ஒட்டிக்கொள்ளாது. உயிர் உள்ளது தோலுக்குள் இருக்கும் வேரில்தான். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

அஞ்ச வேண்டியது இழுப்பைத்தான். ஒரே பக்கம் நாள்தோறும் இழுபட்டால் வேர் நலிந்துபோகும். கிரீன்லாந்து நாட்டுப் பெண்கள் முடியை இறுக்கிக் கட்டியதால் அவர்களின் நெற்றியோரம் வழுக்கையானதை 1907ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தலைப்பாகைக்குள் முடியை இறுக்கி முடியும் சீக்கிய ஆண்களுக்கும் இது வருவதுண்டு. கொண்டை போட்டதும் தலை வலிப்பது, நெற்றியோரம் சிறு சிறு கொப்புளங்கள் வருவது, காதுக்கு மேலே குட்டை முடிகள் தென்படுவது ஆகியவையே இதன் அடையாளங்கள். அப்போதே தளர்த்திவிட்டால் முடி மீண்டும் வளரும். பல ஆண்டுகள் விட்டுவிட்டால் வேர் தழும்பாகிவிடும். பிறகு எந்த எண்ணெயாலும் பயன் இராது.

சரி, பெரிய கொண்டையை எப்படிப் போடுவது?

முடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமுடி எளிதில் நீண்டு அறுந்துவிடும். பல் அகன்ற சீப்பால் முதலில் நுனிச் சிக்கை எடுத்து, பிறகு மெல்ல மேலே வர வேண்டும். பிடரியில் தளர்வாகச் சேர்த்து, துணி நாடாவால் கட்டுங்கள். வெறும் ரப்பர் வளையம் வேண்டாம். நாம் வெட்டிய பாலில் பிறந்த பொருள்தான், ஆனாலும் அது முடியைப் பற்றிக்கொண்டு, கழற்றும்போது பிய்த்து எடுக்கும்.

பருமன் காட்டுவதற்காக முடியைத் தலைகீழாகச் சீவிச் சிக்காக்கும் பழக்கம் உண்டு. முடியின் மேற்புறம் மீன் செதில் போன்ற அடுக்குகளால் ஆனது. எதிர்த்துச் சீவினால் அவை பெயர்ந்துவிடும். அதற்குப் பதிலாக, பழைய மெல்லிய துணியைச் சுருட்டி வளையமாகத் தைத்துக்கொள்ளுங்கள். கட்டிய முடியை அந்த வளையத்தின் நடுவே விட்டு, நான்கு புறமும் பரப்பி, நுனியை வளையத்தின் அடியில் சுற்றிச் செருகுங்கள். நான்கைந்து கொண்டை ஊசிகள் போதும். ஊசி தோலைக் குத்தக் கூடாது. அதன்மேல் லிட்டில் இந்தியாவில் வாங்கிய மல்லிகைச் சரத்தைச் சுற்றினால் கொண்டை இன்னும் பெரிதாகத் தெரியும். சவுரி வைப்பதானால் எடை குறைந்ததாக இருக்கட்டும். கனமான சவுரியும் வேரை இழுக்கும். போட்டு முடித்தபின் புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றித்தோல் இழுபட்டால் கொண்டை இறுக்கம் என்று பொருள்.

வேலைக்குப் போகும் சகோதரிகளே, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு புல்வெட்டும் இயந்திரத்தின் அருகில் போகவே கூடாது. முடிந்துதான் போக வேண்டும். ஆனால் இன்று பிடரியில் என்றால் நாளை சற்று மேலே என்று இடத்தை மாற்றுங்கள். தலைவிளக்குப் பட்டையின் கீழே துணி இருக்கட்டும். வீடு திரும்பியதும் அவிழ்த்து வியர்வையை உலர்த்துங்கள். தூங்கும்போது தளர்ந்த பின்னல் போதும். பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைக்கு இரட்டைச் சடை பின்னும்போது "வலிக்குதும்மா" என்று அவள் சொன்னால், "அப்பதான் நிக்கும்" என்று அதட்டாதீர்கள். அவள் சொல்வது உண்மை.

குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவுவது நல்ல பழக்கம். அது முடிக்குள் இறங்கி, கழுவும்போது முடியின் சத்து வீணாவதைக் குறைக்கிறது. ஆனால் வழுக்கையில் முடி முளைக்கச் செய்யும் என்று விற்பவர் சொன்னால் நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். பிள்ளை பெற்ற சில மாதங்களில் முடி கொத்தாக உதிரும். அது பெரும்பாலும் தானே சரியாகும். சோர்வும் மூச்சுவாங்கலும் சேர்ந்திருந்தால் இரத்தச்சோகையாக இருக்கலாம். காசளவு வட்டமாக முடி போனாலும், நெற்றியோரம் பின்வாங்கினாலும், தாமதமின்றி அரசாங்கக் கிளினிக்கிற்குப் போய்க் காட்டுங்கள்.

எங்கள் பெரியம்மாவுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அன்று ஆளில்லை. கேட்ட நாம் இன்றிரவே கொண்டையை ஒரு சுற்றுத் தளர்த்துவோம். நம் பெண்பிள்ளைகளும் பேத்திகளும் அள்ளி முடியக் கூந்தலோடு வாழட்டும்.