காற்றைத் தேடி ஒரே தீவுக்கு



விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், இதுவரை பார்க்காத ஊரின் பெயர்தான் முதலில் எழும். போன வருடம் மூணாறு, இந்த வருடம் குடகு, அடுத்த வருடம் அந்தமான் என்று பட்டியல் நீளும். இன்று நான் பேச வந்தது இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கத்தைப் பற்றி. ஒரே ஊருக்கு, வேறு வேறு பருவத்தில், திரும்பத் திரும்பப் போகும் பழக்கம். ஊர் ராமேஸ்வரம். அழைத்துப் போவது காற்று.

ராமேஸ்வரம் என்றால் நமக்குக் கோயிலும் 22 தீர்த்தங்களும் நீண்ட பிரகாரமும் நினைவுக்கு வரும். நம் திருவனந்தபுரத்திலிருந்து போகிறவர்களும் பெரும்பாலும் அதற்காகத்தான் போகிறார்கள். ஆனால் சில வருடங்களாக அந்தத் தீவுக்கு இன்னொரு கூட்டமும் வருகிறது. தோளில் நீளமான பை, பைக்குள் மடித்து வைத்த பெரிய பட்டம், கையில் ஒரு பலகை. கைட் சர்ஃபிங் பழக வருகிறவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையில் ஒரு பாயை நட்டு, நின்றபடி அதைப் பிடித்துக்கொண்டு கடலில் ஓடுவது விண்ட் சர்ஃபிங். 1960-களில் கலிஃபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹோய்ல் ஷ்வைட்சர் என்ற இருவர், பாய்மரத்தின் அடியில் எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய மூட்டு ஒன்றைப் பொருத்தி அதை உலகம் முழுக்கப் பரவச் செய்தார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அது இடம்பிடித்தது. கைட் சர்ஃபிங் அதன் தம்பி. இதில் பாய் பலகையில் இல்லை, வானத்தில் இருக்கிறது. பிரான்சின் பிரெத்தான்யு கடற்கரையைச் சேர்ந்த லெகேன்யூ சகோதரர்கள், காற்றடைத்த விளிம்புள்ள ஒரு பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். தண்ணீரில் விழுந்தாலும் அது மூழ்காது, மறுபடி மேலே எழுப்பிவிடலாம். சரியாக 40 வருடம் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் அதற்கும் பதக்கம் கொடுத்தார்கள்.

சரி, இதற்கு ஏன் ராமேஸ்வரம்? நம் வீட்டு வாசலிலேயே கோவளமும் சங்குமுகமும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ஆனியிலும் ஆடியிலும் நம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். அலை கரையை அறுத்துக்கொண்டு போகும். காற்று ஒரு நேரம் சீறும், அடுத்த நேரம் மழையோடு சேர்ந்து அடங்கும். பட்டத்தை விரித்து வைக்க மணல்கூட மிஞ்சுவதில்லை.

அதே நாளில் நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால் கதையே மாறிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற அந்த இடைவெளியில், மழையை நம் பக்கத்திலேயே இறக்கிவிட்ட காற்று, வறண்டு வேகம் எடுத்து ஓடுகிறது. முப்பந்தலில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் திருப்பிச் சுழன்றுகொண்டிருக்கும். குடையோடு புறப்பட்டவர்கள் அங்கே வெயிலில் இறங்கி நிற்கலாம். அங்கிருந்து தூத்துக்குடி, சாயல்குடி, ராமநாதபுரம் வழியாகப் போகப் போக மழையின் அடையாளமே இருக்காது. வலப்பக்கம் மன்னார் வளைகுடா. குமரி முனையைச் சுற்றி வரும் தென்மேற்குக் காற்று, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் உள்ள இந்தக் கடல்வழியில் நெருக்கப்பட்டு இன்னும் வலுக்கிறது. மழை இல்லாமல் காற்று மட்டும் கிடைக்கும் இடம் அது. பட்டம் விடுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே கதைதான். கற்பிட்டிக்கு உலகம் முழுவதிலுமிருந்து கைட் சர்ஃபிங்குக்கு ஆட்கள் வருகிறார்கள். மன்னார்த் தீவில் 2020-இல் பெரிய காற்றாலைப் பண்ணையே அமைத்துவிட்டார்கள். ஒரே காற்று, இரண்டு நாட்டிலும் வீசுகிறது.

இனி தீவுக்குள் போவோம். பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை, தென்கிழக்காக நீண்டு கிடக்கும் தீவு அது. வடக்கே பாக் நீரிணைப் பக்கத்துக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. அங்கே உள்ளவர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒன்று அமைதி, மற்றது ஆவேசம். வைகாசி முதல் ஆவணி வரை போனால் இந்தப் பேச்சு அச்சு அசலாக உண்மை. மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் கச்சான் காற்று அடிக்கும். தென்கடலில் அலை எழும். வடகடல் தட்டையாகக் கிடக்கும். ஆனால் தை மாதத்தில் போய்ப் பாருங்கள். வாடை வடகிழக்கிலிருந்து வரும். இப்போது குமுறுவது வடகடல். தென்கடல் தீவின் மறைவில் அடங்கிக் கிடக்கும். ஒரு முறை மட்டும் வந்து போகிறவர், எந்த மாதம் வந்தாரோ அந்த மாதத்து ராமேஸ்வரத்தைத்தான் பார்த்திருப்பார். முழுத் தீவையும் பார்க்கக் குறைந்தது இரண்டு பருவமாவது வேண்டும்.

ஆனி மாதத்து முற்பகல் ஒன்றைச் சொல்கிறேன். தென்கரை மணலில் பட்டத்தை விரிக்கிறோம். விளிம்புக் குழாயில் கைப்பம்பால் காற்றடிக்க அடிக்க, துவண்டு கிடந்த துணி பிறை போல வளைந்து இறுகுகிறது. உடனே அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே இரண்டு கை மணலை அள்ளிப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆளில்லாமலே பறந்து போய்விடும். அடுத்தது கயிறுகள். நான்கு கயிறு, ஒவ்வொன்றும் இருபது மீட்டருக்கு மேல். விரல்களுக்கு நடுவே கயிறுகளை ஓடவிட்டுக்கொண்டே பட்டத்தை நோக்கி நடந்து, ஒன்றோடு ஒன்று பின்னாமல் பார்க்கிறோம். இடம் மாறிக் கட்டினால் பட்டம் நம் சொல் கேட்காது. பிறகு இடுப்புப் பட்டையில் கொக்கியை மாட்டி, ஆபத்தில் ஒரே தள்ளில் பட்டத்தை விடுவிக்கும் சிவப்புப் பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறோம். தூரத்தில் துணைக்கு நிற்பவர் பட்டத்தை விளிம்பில் நிறுத்திப் பிடித்திருக்கிறார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதும் அவர் கையை விடுகிறார். பட்டம் மேலேறுகிறது. இடுப்பில் அந்த முதல் இழுப்பு வரும்போது, இவ்வளவு நேரம் முகத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்றுக்கு எத்தனை பலம் என்று உடம்பு அப்போதுதான் உணர்கிறது.

அந்தப் பலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், விசை நான்கு மடங்காகும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். 12 நாட் காற்றில் பெரிய பட்டம் இல்லாமல் பலகை நகராது. 24 நாட்டில் அதே பட்டத்தோடு இறங்கினால் ஆளையே தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று அளவுகளில் பட்டம் வைத்திருப்பார்கள். எதை எடுப்பது என்ற தீர்ப்பில்தான் அனுபவம் தெரியும்.

இந்தத் தீர்ப்பில் அந்தத் தீவின் மீனவர்களை யாரும் மிஞ்ச முடியாது. நாங்கள் கைப்பேசியில் காற்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர்கள் கடலின் நிறத்தையும், தொலைவில் அலை வெளுக்கும் விதத்தையும், மேகத்தின் நகர்வையும் பார்த்து, மத்தியானத்துக்கு மேல் காற்று விழுமா, எழுமா என்று சொல்லிவிடுவார்கள். அந்த அறிவு ஒரு விடுமுறையில் வந்துவிடாது. ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வத்தை என்று ஒரு பாய்மரப் படகு உண்டு. காற்று பாயை ஒரு பக்கம் சாய்க்கும்போது, படகின் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி, எதிர்ப்பக்கம் சரிந்து உட்கார்ந்து சமன் செய்வார்கள். கடலுக்கு வெளியே உடம்பைச் சாய்த்துக் காற்றோடு பேரம் பேசும் அந்த வித்தையைத்தான் விண்ட் சர்ஃபிங் பழகுகிறவர்கள் பணம் கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். தொண்டிப் பக்கத்தில் இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும்.

பருவத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பங்குனி, சித்திரை இடைக்காலம். காலையில் கடல் எண்ணெய் தடவியது போலக் கிடக்கும். நிலம் சூடேறிய பிறகு பிற்பகலில்தான் கடற்காற்று எழும். காத்திருக்கப் பழகும் மாதங்கள் அவை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ராமேஸ்வரம் துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். வலை பின்னுவதும் மரம் செதுக்குவதும் வண்ணம் அடிப்பதுமாகக் கரை முழுக்க வேலை நடக்கும். தடை முடிவதற்குள் கச்சான் நிலைத்துவிடும். பிறகு சில மாதங்கள் இரவும் பகலும் காற்றுதான். தனுஷ்கோடிச் சாலையில் மணல் ஏறி மூடும். சாப்பிடும் சோற்றிலும் மணல் நெறுநெறுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முற்பகுதியில் நாங்கள் போவதில்லை. அது புயல் காலம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது இந்தக் காலத்தில்தான். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் அதோடு போனது. ரயில் நிலையத்தின் சுவரும் தேவாலயத்தின் இடிபாடும் இன்றும் நிற்கின்றன. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில், பிற்காலத்தில் காற்றளக்கும் கருவி வைத்து, வேகம் எல்லை மீறினால் ரயிலை நிறுத்திவைப்பது வழக்கமாக இருந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது. ஆனாலும் காற்றைக் கேட்காமல் அந்தக் கடலைத் தாண்ட முடியாது. விளையாடப் போகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் பக்கத்தில், மீட்புப் படகு இல்லாமல் இறங்கக் கூடாது. நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்பு உடை வேண்டும். பயிற்சி மையத்தோடு சேர்ந்துதான் பழக வேண்டும். பன்னாட்டுக் கடல் எல்லை அருகில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

தை, மாசியில் வாடைக் காற்று நிதானமானது. வெயிலும் இதமாக இருக்கும். அந்த மாதங்களில் தனுஷ்கோடியின் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. அந்த இடத்தை 2025-இல் தமிழ்நாடு அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. தலைக்கு மேல் சீறிப் பாயும் ஒரு பெரிய பட்டம் பறவைக்குப் பருந்தைவிடப் பயங்கரமாகத் தெரியும். நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவைகளை நம் விளையாட்டுக்காக விரட்டக் கூடாது. பறவை இருக்கும் பக்கம் பட்டம் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா. அங்கேயும் அனுமதி இல்லாமல் காலடி வைக்க வேண்டாம்.

நம் ஊருக்கும் அந்தத் தீவுக்கும் காற்றின் வழியாக இன்னொரு உறவு உண்டு. 1963 நவம்பர் 21-ஆம் தேதி, இந்தியாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ஆய்வு ராக்கெட் இங்கே தும்பாவிலிருந்து கிளம்பியது. அது சுமந்து போனது சோடியம் ஆவி. அந்தி வானத்தில் ஒளிர்ந்த அந்த மேகம் எப்படி நகர்கிறது என்று பார்த்து, மிக உயரத்தில் வீசும் காற்றை அளந்தார்கள். அந்த ராக்கெட்டைப் பொருத்தும் பணியில் இருந்த இளம் பொறியாளர்களில் ஒருவர் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். கச்சானும் வாடையும் மாறி மாறி வீசும் தெருவில் வளர்ந்த பையன், நம் கடற்கரையில் நின்று வானத்துக் காற்றை அளக்க உதவினார்.

அவரை நினைக்கும்போதெல்லாம், நம் கடற்கரைப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆசை எழுகிறது. ஹாங்சோவில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டில், விண்ட் சர்ஃபிங்கில் ஈபாத் அலி வெண்கலம் வாங்கினார். சிறு பாய்மரப் படகுப் போட்டியில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்துப் பெண். போபாலில் ஏரியில் பழகியவர். அப்படியென்றால் விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும், நடக்கும் முன்பே அலையைப் பார்த்து வளரும் பிள்ளைகள் எங்கே போயிருக்க வேண்டும்? அவர்கள் கையில் ஒரு பாயும் பலகையும் பயிற்சியும் கிடைக்க வேண்டும். கடற்கரைப் பள்ளிகளில் பாய்மரப் பயிற்சி ஒரு விளையாட்டுப் பாடமாக வர வேண்டும். இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிட்டால், காற்றை மிக நன்றாக அறிந்தவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களாக ஆகிவிடுவார்கள். அது நியாயமே இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கைட் சர்ஃபிங் பழகுங்கள் என்று எல்லோரையும் வற்புறுத்தவில்லை. ஆனால் உங்களுக்குப் பிடித்த ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள். அது ராமேஸ்வரமாக இருக்கலாம், குற்றாலமாக இருக்கலாம், பொன்முடியாகவும் இருக்கலாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆடியில் ஒரு முறை போங்கள், தையில் மறுமுறை போங்கள். என்ன மாறியது, ஏன் மாறியது என்று அங்கே வாழ்கிறவர்களிடம் கேளுங்கள். அடுத்த முறை போகும்போது அவர்களே உங்களை அடையாளம் கண்டு பேசுவார்கள். பத்து ஊரைப் பார்த்து வந்த பிள்ளைக்குப் படங்கள் இருக்கும். ஒரே ஊரைப் பல பருவத்தில் பார்த்த பிள்ளைக்கு, காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். மழையும் கடலும் முன்போல நடந்துகொள்ளாத இந்தக் காலத்தில், அந்தப் பிள்ளைதான் நமக்கு வேண்டும்.