ஒரே மலை, ஒரே கேடு, இரண்டு நீதி



செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும்போது கல்பாசி போடுகிறோமே, கறுப்பும் சாம்பலுமாகச் சுருண்டு கிடக்கும், அது ஒரு லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது. பாசி வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும். பூஞ்சை அதற்கு இடமும் ஈரமும் கொடுக்கும்.

அமெரிக்காவில், வட கரோலினாவும் டென்னசியும் சந்திக்கும் அப்பலாச்சியன் மலை உச்சிகளில் ராக் நோம் லைக்கன் என்று ஒன்று உண்டு. நீர் கசியும் செங்குத்துப் பாறையில், மூடுபனியைக் குடித்து வளர்வது. ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் நீலச்சாம்பல் நாடாக்கள், நெருக்கியடித்துக்கொண்டு நுனி நிமிர்ந்து நிற்கும். அதே உச்சிகளின் காட்டில் கரோலினா வடக்குப் பறக்கும் அணிலும் வாழ்கிறது. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே விரியும் தோலால் இரவில் மரம்விட்டு மரம் மிதந்து போகும். அதன் இரையில் லைக்கன்களும் உண்டு.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சின்னஞ்சிறு பூச்சி அங்கே பிரேசர் ஃபர் மரங்களைச் சாறு உறிஞ்சிச் சாகடித்தது. அணிலுக்குக் காடு குறைந்தது. நிழல் போனதால் பாறை காய்ந்தது. அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் அணிலை 1985இலும் லைக்கனை 1995இலும் பட்டியலில் சேர்த்தது.  

ஆனால் பாதுகாப்பு சமமாகக் கிடைக்கவில்லை. 1973இல் வந்த அந்தச் சட்டத்துக்குத் தெரிந்தவை விலங்கு, தாவரம் என்ற இரண்டே வகைதான். லைக்கனைத் தாவரப் பட்டியலில் வைத்தார்கள். அணிலை யாருடைய நிலத்திலும் கொல்லக்கூடாது. தாவரத்துக்கு அந்தக் காவல் இல்லை: மாநிலச் சட்டம் தடுக்காவிட்டால், நில உரிமையாளர் தன் பாறையிலுள்ள லைக்கனைச் சுரண்டி எறியலாம். மத்திய அரசின் நிலத்தில்தான் அது குற்றம்.

இத்தனைக்கும் அது தாவரமே அல்ல. ஒரு லைக்கனின் அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கு உரியது. பூஞ்சைகளைத் தனி உலகமாகப் பிரித்து உயிரியலாளர் ராபர்ட் விட்டேக்கர் எழுதியது 1969இல், சட்டத்துக்கு நான்கு ஆண்டு முன்பு. பிறகு வந்த மரபணு ஆய்வுகளோ, பூஞ்சைகள் மரஞ்செடிகளைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டிவிட்டன. அந்தப் பாறையில் ஒட்டியிருக்கும் பூஞ்சைக்கு, மேலே நிற்கும் ஃபர் மரத்தைவிட அதில் தாவும் அணிலே கிட்டிய சொந்தம். அணிலுக்குக் கொடுத்த காவலை அதற்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.