மராட்டிய மண்ணில் நம் மொழிக் கிளைஞர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தமிழின் தொன்மையையும் மூவேந்தர் புகழையும் எடுத்துரைக்கப் புலவர் பலர் இம்மேடைக்கு வந்து சென்றுள்ளனர். யாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்துப் பேரேடுகளோடு காலங்கழித்து வருகின்றோம். ஆதலின் அப்பெரும் பொருளைத் தொடாது, நாம் குடியேறி வாழும் இந்த மராட்டிய மாநிலத்திலேயே மொழியால் நமக்கு உறவினராயுள்ள ஒரு மக்களைப் பற்றிச் சிறிது சொல்ல விழைகின்றோம். அவர்கள் கோலாம் எனப்படும் பழங்குடியினர்.

யவத்மாள், சந்திரபூர், நாந்தேடு மாவட்டங்களின் மலைச் சிற்றூர்களிலும், எல்லைக்கப்பால் தெலங்கானத்து ஆதிலாபாத் பகுதியிலும் இவர்கள் வாழ்கின்றனர். கோலாம் என்பது பிறர் வழங்கும் பெயர். தம்முள் ஒருவனைக் 'கொலவன்' என்றும், பலரைக் 'கொலவர்' என்றும் அவர்கள் சொல்லிக்கொள்வர். இந்த அன் விகுதியும் அர் விகுதியும் கேட்ட மாத்திரத்தில் நம் செவிக்குப் பழக்கமானவையாகத் தோன்றுகின்றன அல்லவா? இன்னும் கேளுங்கள். நீருக்கு அவர்கள் மொழியில் 'ஈர்'. கண்ணுக்குக் 'கன்'. பால் அங்கும் 'பால்' தான். வீடு 'எல்ல', நம் 'இல்' என்னும் சொல்லின் உடன்பிறப்பு. தீயைக் 'கிஸ்' என்பர். நம் அகராதியைப் புரட்டினால் தீ என்னும் பொருளில் 'கிச்சு' என்றொரு சொல் உறங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். நாம் மறந்ததை அவர்கள் நாள்தோறும் அடுப்பில் மூட்டுகின்றனர். எண்ணத் தொடங்கினால் ஒக்கோத், இந்திங், மூந்திங், நாலிங் என்பர். ஐந்து முதல் தெலுங்கிலிருந்து பெற்ற எண்கள்.

இதைக் கேட்டவுடன், 'பார்த்தீர்களா, எல்லாம் தமிழிலிருந்து பிறந்தவையே' என்று மார்தட்ட எழுவோரும் நம்மிடையே உண்டு. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். கோலாமி தமிழின் மகள் அன்று. ஒரே பழந்தாய் வயிற்றில் பிறந்து வேறு வீட்டில் வாழும் சகோதரி. தமிழும் மலையாளமும் கன்னடமும் தென் கிளை. கோலாமி நடுக் கிளை. உறவைப் பாராட்ட மூத்தவர் யார் என்னும் வழக்கு எதற்கு?

இவ்வுறவை ஆராய்ந்து சொன்னவர் யார் என்று தேடிப் பார்த்தபோது எமக்குப் பெருவியப்பு உண்டாயிற்று. முதன்மையானவர் எமனோ என்னும் பேராசிரியர். கனடா நாட்டு நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் லூனன்பர்க் என்னும் கடற்கரை ஊரில் 1904-ல் பிறந்தவர். அந்நிலம் மிக்மாக் என்னும் பழங்குடியினருடையது. விடியல் நாட்டு மக்கள் என்று பொருள்படும் வபனாக்கி இனத்தொகுதியில் அவர்களும் ஒருவர். அங்குப் பிறந்தவர் 1935-ல் நம் நாட்டுக்கு வந்து, மூன்றாண்டுகள் நீலகிரியின் தோடர், கோத்தர் முதலியோரிடமும், பின்னர்க் கோலாமரிடமும் அவரவர் வாய்மொழியைக் கேட்டுக் கேட்டு எழுதினார். உதகைக்குச் சுற்றுலா சென்று தோடர் குடிசைமுன் நின்று படமெடுத்துக்கொண்ட குடும்பங்கள் இந்தக் காலனியில் எத்தனையோ! அவர்தம் பாடல்களைக் கேட்டு எழுதி 1971-ல் பெருநூலாக வெளியிட்டவரோ ஏழு கடல் கடந்து வந்தவர். கோலாமி மொழியைப் பற்றிய அவர் நூல் 1955-ல் வெளிவந்தது. பரோ என்பாருடன் சேர்ந்து 1961-ல் அவர் தந்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இம்மலைமக்களின் சொற்கள் நம் சொற்களோடு ஒரே வரிசையில் அமர்ந்திருக்கின்றன.

மற்றொருவர் நமக்கு இன்னும் நெருங்கியவர். மாதச் சம்பளம் வாங்கிய உத்தியோகஸ்தர். நிஜாம் ஆட்சியில் ஹைதராபாத் அரசாங்கப் பணியிலிருந்த சேதுமாதவராவ் பகடி என்னும் மராட்டியப் பெரியார், ஆதிலாபாத்தில் அலுவல் பார்த்த காலத்தில் கோண்டியையும் கோலாமியையும் கற்று, இரண்டுக்கும் இலக்கணம் எழுதினார். அலுவல் பார்க்கப் போன இடத்தில் அவ்வூர் மக்களின் மொழியைக் காதுகொடுத்துக் கேட்டவர் அவர். எம் போன்ற குமாஸ்தாக்களுக்கு இவ்வரலாறு மிகவும் இனிக்கிறது. அதே பகுதியில் ஹைமன்டார்ஃப் என்னும் ஆஸ்திரிய நாட்டு அறிஞர், 1940-களில் மார்லவாய் என்னும் சிற்றூரில் கோண்டுகளுக்கு ஆசிரியப் பயிற்சி நிலையம் அமையக் காரணமானார். நாகரி எழுத்தில் கோண்டி மொழியிலேயே அங்குப் பாடநூல்கள் அச்சாயின. கோண்டுகள் எண்ணிக்கையில் மிக்கவர். ஆயினும் மண்ணின் தெய்வங்களுக்கு வழிபாடு நடத்தக் கோலாமரையே பூசாரிகளாக அழைப்பர் என்றும் அவர் எழுதியுள்ளார்.

இங்கே ஒரு சிறு இலக்கணச் செய்தி. கேட்போரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்'. அவரை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்', பழந்தமிழில் 'யாம்'. கோலாமியிலும் இவ்வேறுபாடு உண்டு. விலக்கிச் சொல்வது 'ஆம்', சேர்த்துச் சொல்வது 'நேந்த்'. நம் பிள்ளைகள் பள்ளியில் பேசும் மராத்தியிலும் 'ஆம்ஹி', 'ஆபண்' என இரண்டு உண்டு. திராவிட மொழிகளின் பழக்கத்தால் அது மராத்தியில் நிலைத்தது என்பது அறிஞர் பலர் கருத்து. எமனோ பிறந்த மண்ணின் மிக்மாக் மொழியிலும், நமக்கு எவ்வுறவும் இல்லாதிருந்தும், 'கினு' என்றும் 'நினேன்' என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்றுதான். நம் வீடுகளில் ஆங்கிலம் மட்டுமே பேசி வளரும் குழந்தை இவ்வேறுபாட்டை எங்கே கற்கும் என்பது எம் கவலை.

கவலைக்கு மற்றொரு காரணம் கணக்கு. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் மகாராஷ்டிரத்தில் மட்டும் கோலாமர் ஏறத்தாழ 1,94,000 பேர். நாடு முழுவதிலும் கோலாமியைத் தாய்மொழியாக எழுதிக் கொடுத்தவரோ ஏறத்தாழ 1,28,000 பேரே. இடையிலுள்ளோர் மராத்திக்கும் பிறமொழிகளுக்கும் போய்விட்டனர். தனி எழுத்தில்லை, சந்தையில் மதிப்பில்லை. நம் காலனியிலும் வீடு வீடாய்ச் சென்று, பேரப்பிள்ளைகள் பாட்டியிடம் எம்மொழியில் பேசுகின்றனர் என்று கணக்கெடுத்தால் என்ன எண் வரும்? கோடிக்கணக்கில் தமிழர் தெற்கே இருக்கின்றனர் என்ற துணிவில் நாம் கவலையற்றிருக்கின்றோம். கொலவருக்கு அப்படி ஒரு தெற்கு இல்லை. நோவா ஸ்கோஷியாவில் 2022-ல் மிக்மாக் மொழியை அந்நிலத்தின் ஆதி மொழி என்று சட்டமே ஏற்றுக்கொண்டது. அதற்குள் பேசுவோர் குறைந்து போயினர்.

நம் புனேயிலேயே 1962-ல் நிறுவப்பட்ட பழங்குடியினர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதனோடு ஓர் அருங்காட்சியகமும் உண்டு. நம் சங்கம் ஆண்டுதோறும் சிறுவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறதே, அவ்வழியில் ஒருமுறை சென்றால் என்ன என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். போகும்போது வேடிக்கை பார்க்கும் மனத்தோடு போகாமல், உறவினர் வீட்டுக்குப் போவதுபோல் போக வேண்டும்.

சென்னையிலிருந்து டில்லி செல்லும் வண்டிகள் பல்லார்ஷா நிலையத்தில் நிற்பதை நம்மில் பலர் அறிவர். இறங்கித் தேநீர் அருந்தி, புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவோம். அவ்வூரையடுத்த ராஜுரா வட்டத்து மலைகளிலும் கோலாமர் வாழ்கின்றனர். அடுத்த முறை அங்கே தண்ணீர் பிடிக்கும்போது, 'ஈர்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், குழந்தைகளே.