நீருக்கேற்ற தூண்டில்

தூண்டில் போடுவோர் இருவர் ஒரு கரையிலே சந்தித்தால், "என்ன இரை போட்டீர்கள்?" என்பதே முதலில் எழும் வினாவாகும். இரையின் நிறம், நீளம், வாலின் வடிவம் ஆகியவற்றை விசாரித்தறிந்து, அதே இரையைக் கடையிலே தேடி வாங்குகிறார்கள். ஆயினும், ஒரே இரையை ஒரே குளத்தில் எறியும் இருவரில் ஒருவருக்கு மீனும் மற்றவருக்கு நீர்ப்பூண்டும் கிடைப்பதுண்டு. இதற்கு அதிர்ஷ்டத்தைக் காரணமாகக் கூறுவோர் பலர். பெரும்பாலும் காரணம் வேறு. அந்த இரை முள்ளிலே எவ்வாறு கோக்கப்பட்டது என்பதே அது.

மென்மையான பிளாஸ்டிக்கினாற் செய்யப்பட்ட போலி இரைகளை, நீரின் இயல்புக்கேற்பத் தூண்டிலிலே கோக்கும் முறைகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். புழு, சிறுமீன், இறால், தவளை முதலியவற்றின் வடிவிலே வார்க்கப்பட்டு, கையிலெடுத்தால் துவண்டு ஆடும் இவ்விரைகளை நம் நாட்டுத் தூண்டிற்காரர் பலரும் இப்பொழுது கையாளுகின்றனர்.

இவற்றின் வரலாறு நெடியதன்று. ரப்பரினாற் செய்த விறைப்பான புழுக்கள் முன்னரே இருந்தனவாயினும், 1949ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி கொஸ்மாவும் தம் வீட்டுச் சமையலறையிலே ஒரு புதுமையைச் செய்தனர். வினைல், எண்ணெய், நிறப்பொருள் ஆகியவற்றைக் கலந்து காய்ச்சி, உயிருள்ள புழுவைப்போல் நெளியும் ஒரு பிளாஸ்டிக் புழுவை வார்த்தெடுத்தனர். பின்னர் அவர்களுடைய தொழில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகருக்கும் பரவியது. இரையைக் கோக்கும் முறைகளுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்று டெக்சாஸின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

பொலிவினைல் குளோரைட்டு இயல்பிலே விறைப்பான பொருள். மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருளை அதனுடன் பெருமளவிற் சேர்த்துச் சூடாக்கி ஆறவிடும்போது, அது தசைபோல் நெகிழ்வுடையதாகிறது. மரத்தினாலோ உலோகத்தினாலோ செய்த இரையைக் கவ்விய மீன் உடனே உமிழ்ந்துவிடும். மென்மையான இரையையோ சற்று நேரம் வாயிலே வைத்திருக்கும். அந்தச் சிறு பொழுதே தூண்டிற்காரனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. ஆனால், அதே மென்மையினால் இவ்விரை எளிதிலே கிழிந்து முள்ளிலிருந்து கழன்றும் விடுகிறது.

இன்னுமொரு வேறுபாடும் உண்டு. மர இரைகளும் உலோக இரைகளும் முள்ளும் பாரமும் பொருத்தப்பட்டே கடைக்கு வருகின்றன. மென்பிளாஸ்டிக் இரையோ பெரும்பாலும் வெறும் உடலாகவே வருகிறது. முள்ளையும் பாரத்தையும் தெரிந்தெடுத்து அதனை முழுமையாக்க வேண்டியவன் தூண்டிற்காரனே. அதற்கு மூன்று வினாக்களுக்கு அவன் விடைகாண வேண்டும். முள்ளின் முனை வெளியே நிற்க வேண்டுமா, உடலினுள் மறைந்திருக்க வேண்டுமா? பாரம் எங்கே இருக்க வேண்டும்? இரை நீரின் எந்த மட்டத்திலே நிற்க வேண்டும்? இம்மூன்றுக்கும் விடை, எதிரேயுள்ள நீரிலேதான் இருக்கிறது.

முதலிலே, பூண்டும் கொடியும் அடர்ந்த நீரை எடுத்துக்கொள்வோம். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எறியுந்தோறும் அது செடியிலே சிக்கும். இங்கே பொருந்துவது டெக்சாஸ் முறை. வானொலியிலே படம் வரைந்து காட்ட இயலாது. ஆதலால், நேயர்கள் தம் இடக்கையிலே ஒரு பிளாஸ்டிக் புழுவும் வலக்கையிலே ஒரு முள்ளும் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டுகிறேன். அந்த முள்ளின் காம்பு, காதுக்கு அருகிலே ஒரு படிபோல மடிந்திருக்கிறது. கூம்பு வடிவான ஒரு பாரத்தை, அதன் கூரிய பக்கம் கோலை நோக்கியிருக்குமாறு தங்கூசியிலே கோத்த பின்னர் முள்ளைக் கட்டுகிறோம். முள்முனையைப் புழுவின் தலை நுனியிலே குத்தி, அரைச் சென்ரிமீற்றர் அளவு உள்ளே செலுத்திப் பக்கவாட்டிலே வெளிக்கொணர்கிறோம். காம்பின் மடிப்புத் தலையினுள்ளே புதையும்வரை முள்ளை இழுத்து, அரைவட்டமாகத் திருப்புகிறோம். இப்பொழுது முனை புழுவின் உடலை நோக்கி நிற்கும். முள்ளின் வளைவு உடலிலே எவ்விடத்திற் படுகிறதென்று அளந்து, அவ்விடத்திலே முனையைக் குத்தி, மறுபக்கத் தோலுக்கு மிக அருகிலே மறைத்து நிறுத்துகிறோம்.

கோத்து முடித்தபின் புழு நேராகத் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிது கூனல் இருந்தாலும் நீரிலே அது பம்பரம்போலச் சுழலும், தங்கூசியிலே முறுக்கேறும். நேராகக் கோத்த இரையோ பூண்டுகளின் ஊடே பாம்புபோல நுழைந்து செல்லும். மீன் கவ்வும்போது மென்மையான உடல் அமுங்க, உள்ளிருக்கும் முனை வெளிப்படுகிறது. உடலைத் துளைத்துக்கொண்டு முள் செல்ல வேண்டியிருப்பதால், கோலைத் தயங்காது உறுதியாக வெட்டி இழுத்தல் வேண்டும். மெல்லிய கோல் இதற்கு உதவாது.

இனி, தடையற்ற மணல் தரையையும் ஓடும் நீரையும் நோக்குவோம். இங்கே முனையை மறைத்தல் வேண்டாத வேலை. ஈயத்தலை முள் எனப்படும், காதருகே பாரம் வார்த்த முள்ளிலே சிறுமீன் வடிவான இரையைத் தலையிலிருந்து நேரே கோத்து, முனையை முதுகின் நடுக்கோட்டிலே வெளியே விடலாம். தலையின் எடையைத் தெரிவதிலேதான் நுட்பம் இருக்கிறது. இரையைத் தரைக்குக் கொண்டுசேர்க்கக்கூடியவற்றுள் மிகக் குறைந்த எடையே சிறந்தது. ஒன்றிரண்டு மீற்றர் ஆழமான அசைவற்ற நீருக்கு 5 கிராம் அளவு போதுமானது; ஓட்டமுள்ள இடத்திலே 15 கிராமும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். மீன் பெரும்பாலும் இரை மேலெழும்போதன்றி மெல்ல வீழும்போதே கவ்வுகிறது. கல்லைப்போல வீழும் இரையை அது நம்புவதில்லை.

அகன்ற தரையிலே மீன் எங்கே இருக்கிறதென்று தெரியாதபோது, தேடுவதற்கு உதவுவது கரோலைனா முறை. 15 முதல் 30 கிராம் வரையான பாரம் தங்கூசியிலே முதலில் ஓடுகிறது. அதன்பின் ஒரு மணி, ஒரு சுழலி. அதற்குப் பின்னே அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை நீளமான முன்னிழை. இறுதியிலே முள்ளும் இரையும். பாரம் தரையை உரசிக் கல்லையும் மணலையும் தூண்டிற்காரனின் கைக்கு உணர்த்துகிறது. இரையோ பின்னாலே பாரமின்றி மிதந்து வருகிறது.

ஆழமான தெளிந்த நீரிலே, தரைக்குச் சற்று மேலே அசையாது நிற்கும் மீனுக்கு இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும். பாரம் தங்கூசியின் நுனியிலே. முள் அதற்கு ஒரு சாண் அல்லது இருசாண் மேலே. பாரம் தரையிலே கிடக்க, இரை ஒரே மட்டத்திலே நின்று நடுங்கும். ஈயம் கற்களிடையே சிக்கினால் பெரும்பாலும் அதுமட்டுமே அறுந்துபோகும். முள்ளும் இரையும் மீளும்.

காற்றில்லாக் காலைப்பொழுதிலே, ஆழமற்ற தெளிந்த நீரிலே மீன் மிகுந்த எச்சரிக்கையோடிருக்கும். அப்போது பாரத்தையே விட்டுவிடலாம். ஒரு புழுவின் நடுவுடலிலே முள்ளைக் குறுக்காகக் குத்தி எறிந்தால், இருமுனைகளும் துடிக்க, அது ஓர் உதிர்ந்த இலைபோல மெதுவாக அமிழும். நடுவிலே ஒரு சிறு ரப்பர் வளையத்தை மாட்டி, முள்ளை அதனடியிலே செலுத்தினால் புழு விரைவிலே கிழியாது.

இம்முறைகளுட் பல அமெரிக்க ஏரிகளிலே பாஸ் என்னும் மீனுக்காக வளர்ந்தவை. நம் நீர்நிலைகளிலே இவற்றை எவ்வாறு பொருத்துவது? விராலை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆம்பலும் தாமரையும் ஆற்றுவாழையும் மூடிய குளங்கள் அதற்கு உகந்தவை. விரால் வெளிக்காற்றைச் சுவாசிக்கும் மீனாதலால் அடிக்கடி மேற்பரப்புக்கு வருகிறது. எனவே, முனை மறைத்துக் கோத்த பாரமற்ற தவளையையோ சிறுமீனையோ இலைகளின் மேலாக இழுத்து வந்து, இடைவெளி கண்ட இடத்திலே ஒரு கணம் நிறுத்துதல் நன்று. நீர் சிதறியவுடன் கோலை இழுத்தால், இரை மட்டும் வெறுமையாகத் திரும்பும். மீனின் கனம் கையிலே தெரிந்த பின்பே இழுக்க வேண்டும்.

களப்புகளிலே வாழும் கொடுவா வேறு இயல்பினது. கண்டல் வேர்களின் நிழலிலே பதுங்கி நின்று, அருகே வருவதை வாயைத் திடீரென விரித்து நீரோடு உறிஞ்சிக்கொள்ளும். வேர்களினிடையே எறியும்போது முனை மறைந்த கோப்பும், முகத்துவாரத்தின் ஓட்டத்திலே ஈயத்தலை முள்ளும் பொருந்தும். கொடுவாவின் செவுள்மூடி தங்கூசியை அறுக்குமளவு கூரியது. ஆதலால் தடித்த முன்னிழை இன்றியமையாதது. மாரி வெள்ளத்தால் நீர் கலங்கியிருக்கும்போது மீன் கண்ணைவிடத் தன் பக்கக்கோட்டு உணர்வையே பெரிதும் நம்புகிறது. அக்காலத்துக்கு, நீரை அடித்து அதிர்வெழுப்பும் துடுப்புவாலும் கரிய உடலும் ஏற்றவை. நீர் தெளிந்த காலத்துக்கு, ஒளி ஊடுருவும் மெல்லிய இரைகளே நல்லவை.

நேயர்களே, இதுவரை மீனை எவ்வாறு பெறுவதென்று கூறினேன். நீரிலே எதை விட்டுச் செல்கிறோம் என்பதும் கோக்கும் முறையைப் பொறுத்ததே. இடமறியாது கோத்த இரை வேரிலே சிக்கி அறுந்து, அங்கேயே கிடக்கிறது. அது மண்புழுவைப்போல மக்குவதில்லை. அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டிலே வெளியான ஓர் ஆய்விலே, புரூக் டிரவுட் என்னும் மீன்கள் தொட்டியில் இடப்பட்ட மென்பிளாஸ்டிக் இரைகளைத் தாமாகவே விழுங்கியமை கண்டறியப்பட்டது. அவ்வாறு விழுங்கிய மீன்கள் உணவெடுப்பதிலே நாட்டங் குறைந்து எடையிழந்தன. வயிற்றை நிறைத்தும் உடலை வளர்க்காத பொருள் அது.

ஈயமும் அத்தகையதே. இங்கிலாந்திலே தூண்டிற்காரர் தவறவிட்ட சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் மடிந்தமையால், பெரும்பாலான அளவுகளையுடைய ஈயக்குண்டுகள் 1987ஆம் ஆண்டிலே அங்கு தடைசெய்யப்பட்டன. ஈயத்தினும் அடர்த்தி மிக்க தங்குதன் உலோகம் இப்போது அதற்குப் பதிலாகக் கிடைக்கிறது. விலை கூடியதாயினும், அதே எடைக்கு அது உருவிலே சிறியது. தரையின் தன்மையையும் கைக்கு நன்கு உணர்த்துவது.

ஆகவே, சில பழக்கங்களை மேற்கொள்ளல் நலம். ஈயத்தலையிலே கோக்கும் இரையின் கழுத்தில் ஒரு துளி பசை இட்டால் அது எளிதிலே கழலாது. கிழிந்த துண்டுகளை நீரில் எறியாது, பையிலே போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சிய இரைகளை வாங்கிய உறையிலேயே வைத்திருக்க வேண்டும். வெவ்வேறு வகைப் பிளாஸ்டிக் இரைகள் ஒன்றோடொன்று பட்டால் உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. உருகிய இரை குப்பையாகிறது. குப்பை பெரும்பாலும் கரையிலேயே வீசப்படுகிறது.

இறுதியாக ஒன்று. குளத்தின் மேற்பரப்பிலே செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவற்றின் கீழே தாய் விராலோ தந்தை விராலோ காவல் நிற்கும். முனை மறைத்த இரையைச் செடிகளினூடே அந்தக் கூட்டத்தின் நடுவிலே எறிந்தால், அது நிச்சயமாகப் பாயும். அவ்வாறு பாய்வது பசியாலன்று, பிள்ளைகளைக் காக்கவே. அதைப் பிடித்தவன் பெறுவது ஒரு மீன். காவலிழந்த குஞ்சுகளோ சில நாழிகைக்குள் மற்ற மீன்களுக்கு இரையாகும். கொடுவாவிலும், சிறியவை ஆணாக இருந்து வளர்ந்தபின் பெண்ணாக மாறுகின்றன; மிகப் பெரிய மீன் பெரும்பாலும் முட்டையிடும் தாய்மீனே. எந்த இடத்திலும் இரையைக் கொண்டுசெலுத்த வல்லவனுக்கு, எந்த இடத்தில் எறியலாகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை கரைக்குச் செல்லும்போது, பெட்டியைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நீரைப் பாருங்கள். அதன் ஆழம், ஓட்டம், தெளிவு, செடி, அங்கே வாழும் உயிர்கள் ஆகியவற்றை மனத்திலே கொண்டபின் முள்ளைக் கையிலெடுங்கள். எதை எப்படிக் கோப்பதென்பது அப்பொழுது தானே விளங்கும்.